குப்பை அள்ளும் கையும் காமாலை நோயும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்தின் மேடையில் வழக்கமாகப் பேசப்பெறும் விஷயங்கள் நீங்கள் அறிந்தவையே. பிள்ளைகளின் கல்வி நிதி, ஏழைப் பெண்களின் விவாகம், தர்ம கைங்கரியம், வியாபார அபிவிருத்தி ஆகியவற்றைப் பற்றி அறிஞர் பலர் இங்கே பேசியிருக்கின்றனர். இன்று அடியேன் எடுத்துக்கொண்ட விஷயம் இவற்றினின்றும் சற்று விலகியது. புதுவை நகரத்துப் பெரிய மார்க்கெட்டிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் நாள்தோறும் குப்பை கூட்டி அள்ளும் ஆண்களும் பெண்களும் காமாலை நோய்க்கு எவ்வாறு ஆளாகின்றனர் என்பதையும், அதனைத் தடுக்க நாம் செய்யக்கூடியது யாது என்பதையும் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

இது நமது குலத்தாரைப் பற்றிய விஷயமன்றே; குலச் சங்கத்தின் கூட்டத்தில் இதைப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். அக்கேள்விக்கு முதலில் விடையிறுப்பதே முறை. நம்மவரிற் பலர் அம்மார்க்கெட்டில் கடை வைத்துப் பிழைப்பவர்கள். ஏனையோர் அங்கே சாமான் வாங்குபவர்கள். அங்கே சேரும் குப்பையில் நம் கைப்பட்டதும் ஒரு பங்கு உண்டு. அன்றியும், தெருக் கூட்டும் தொழில் பல தலைமுறைகளாகச் சில குலத்தார் தலையிலேயே சுமத்தப்பட்டு வந்திருக்கிறது. அவர்கள் அதனை விரும்பி ஏற்றவர்களல்லர், பிறப்பினால் விதிக்கப்பட்டவர்கள். குலத்தின் பெயரால் ஒன்றுகூடி நன்மை தேடிக்கொள்ளும் நாம், குலத்தின் பெயரால் பிறர்க்கு நேர்ந்த தீமையைக் கண்டும் காணாதார் போல் இருப்பது நியாயமாகாது.

பெரிய மார்க்கெட்டின் காட்சியை உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டுவதில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கிராண்ட் பஜார் என்று பெயர் பெற்று, பின்னர்ப் புதுவையின் முதல் முதலமைச்சராயிருந்த எதுவார் குபேர் பெயரால் குபேர் அங்காடி என வழங்கினும், நம் ஜனங்களின் நாவில் அது என்றும் பெரிய மார்க்கெட்டே. ஒருபுறம் நேரு வீதி, மற்றொருபுறம் ரங்கப்பிள்ளை வீதி. இடையே காய்கறி, பூ, பழம், மளிகை, மீன், இறைச்சி எனப் பகுதி பகுதியாக நெருங்கிய கடைகள். இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்துகளும் அங்கே உண்டு. ஞாயிறுதோறும் காந்தி வீதியில் கூடும் சந்தையும் அருகே சேர்ந்துகொள்ளுகிறது. கடைகள் மூடியபின் எஞ்சுவது என்ன? அழுகிய தழை, மீன் செதிள், முள், இரத்தம் தோய்ந்த காகிதம், உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த தகரம், சவரக் கத்தித் துண்டு, இவற்றோடு எங்கிருந்தோ வந்து சேரும் மருந்து ஊசி. இவை யாவும் ஒன்றாய்க் கலந்து ஒரு குவியலாகின்றன. அக்குவியலில் கைவைப்பவர் எதன்மேல் கைவைக்கிறோம் என்று அறியாமலே கைவைக்கிறார்.

இனி நோயைப் பற்றிப் பார்ப்போம். காமாலை என்பது உண்மையில் ஒரு நோயின் பெயரன்று. ஈரல் கெட்டதைக் காட்டும் ஓர் அடையாளமே. கண்ணும் தோலும் மஞ்சளிப்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானது வைரஸ் என்னும் நுண்ணுயிர்கள் ஈரலைத் தாக்கி வீக்கமுறச் செய்வது. இவ்வகை வைரஸ்களில் ஐந்து இதுகாறும் நன்கு அறியப்பட்டுள்ளன. ஏ, பி, சி, டி, இ என்று ஆங்கில எழுத்துக்களால் அவற்றைக் குறிப்பர். நம் நினைவுக்கு எளிதாக இருக்கும்பொருட்டு அவற்றை இரண்டு வாசல்வழி வருவனவாகப் பிரித்துக்கொள்ளலாம். ஏ-யும் இ-யும் வாய் என்னும் வாசல் வழியே வருவன. மலம் கலந்த நீராலும் உணவாலும் கழுவாத கையாலும் பரவுவன. பி, சி, டி ஆகிய மூன்றும் இரத்தம் என்னும் வாசல் வழியே வருவன. இவற்றுள் டி தனித்து நிற்கமாட்டாது. பி உள்ள தேகத்திலேயே அது குடியேறும். குப்பை அள்ளுவோரின் துர்ப்பாக்கியம் யாதெனின், அவர்களுக்கு இவ்விரண்டு வாசல்களும் திறந்தே கிடக்கின்றன என்பதே.

வாய் வழி வருவதன் கொடுமைக்கு நம் தேசத்திலேயே பெரியதோர் உதாரணம் உண்டு. 1955-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலும் 1956 ஜனவரியிலும் டெல்லி நகரத்தில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. யமுனை நதியில் நகரத்துச் சாக்கடை நீர், குடிநீர் எடுக்கும் இடத்தில் வந்து கலந்ததே காரணம். அந்நோய் இ வகையைச் சேர்ந்தது என்பது பல்லாண்டுகள் கழித்து, அக்காலத்தில் சேமித்து வைத்திருந்த இரத்தத்தைச் சோதித்தபோதே தெளிவாயிற்று. பொதுவாக இவ்வகைக் காமாலை சில வாரங்களில் தணிந்துவிடும். ஆயினும் கர்ப்பிணிகளிடத்தில், அதிலும் கடைசி மூன்று மாதங்களில், இதனால் 100 பேரில் 20 பேர் வரை மாண்டுபோவதும் உண்டு. பெரிய மார்க்கெட்டிலும் சுற்றுத் தெருக்களிலும் துடைப்பம் பிடிப்பவர்களில் பெண்கள் பலர் என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுகிறேன். ஏ வகை நம் நாட்டார் பெரும்பாலார்க்குச் சிறுவயதிலேயே வந்துபோய்விடுவதால், வளர்ந்தவர்க்கு அதனால் வரும் அபாயம் குறைவு. இ வகைக்கு அத்தகைய உறுதி இல்லை.

இரத்த வழி வருவதோ சத்தமின்றி வருவது. 1883-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பிரெமன் நகரில் கப்பல் கட்டும் தொழிலாளர் 1,289 பேருக்கு அம்மை குத்தினார்கள். மனிதர் தேகத்தினின்று எடுத்த நிணநீரால் அது செய்யப்பட்டது. பின்வந்த மாதங்களில் அவர்களில் 191 பேருக்குக் காமாலை கண்டது. வேறு மருந்து குத்தப்பெற்ற தொழிலாளருக்கு அது வரவில்லை. ஒருவர் தேகத்துத் திரவம் ஊசி வழியே மற்றொருவரிடம் சேர்ந்தால் காமாலை பரவும் என்பதற்கு அதுவே முதற் சாட்சிகளில் ஒன்று. ஆயினும் அந்த வைரஸின் அடையாளம் 1965 வரை புலப்படவில்லை. அமெரிக்க விஞ்ஞானியான பாரூக் பிளம்பர்க் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் அதனைக் கண்டு வெளியிட்டார். 1976-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த நாளாகிய ஜூலை 28-ஐ உலகத்தார் ஈரல் அழற்சி நோய் விழிப்பு நாளாகக் கொண்டாடுகின்றனர்.

இந்தப் பி வைரஸின் வலிமையை நீங்கள் அறிதல் வேண்டும். உலர்ந்த இரத்தத் துளியிலும் அது ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கவல்லது. நோயுள்ளவர் இரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவர் கையிற் குத்தினால், 100 பேரில் 6 முதல் 30 பேர் வரை நோய் தொற்றக்கூடும் என்று ஆஸ்பத்திரி ஊழியரிடம் செய்த ஆராய்ச்சிகள் கூறுகின்றன. சி வகைக்கு அது 100-க்கு 2 பேருக்கும் குறைவு. எய்ட்ஸ் நோயைத் தரும் எச்.ஐ.வி.க்கு 1,000-க்கு 3 பேர். குப்பையிற் கிடந்து நாட்பட்ட ஊசியால் வரும் அபாயம் இவற்றினும் குறைவே என்பதும் உண்மை. ஆனால் ஆஸ்பத்திரித் தாதிக்கு ஊசி குத்தினால் யாருடைய ஊசி என்பது தெரியும். உடனே மருந்தும் கிடைக்கும். மார்க்கெட்டில் குத்துபவளுக்கு அது யாருடையது என்பதும் தெரியாது. குத்தியதை ஒருவரிடம் சொன்னால் அன்றைக் கூலி போய்விடுமோ என்னும் அச்சமும் உண்டு. சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி கூட்டத் தொடங்குவதே வழக்கமாயிருக்கிறது.

பி நோய் வளர்ந்தவர்க்குத் தொற்றினால் பெரும்பாலும் தானே விலகிவிடும். 100 பேரில் சுமார் 5 பேருக்கே அது நிலைத்துநிற்கும். பிறக்கும்போதே தாயிடமிருந்து பெறும் குழந்தைக்கோ 100-க்கு 90 வரை நிலைத்துவிடும். நிலைத்த நோய் இருபது முப்பது ஆண்டுகள் யாதொரு குறியும் காட்டாமல் இருந்து, பின்னர் ஈரல் சுருங்கலாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படும். கண் மஞ்சளிக்கவேண்டும் என்பதில்லை. ஆகவே, காமாலை வந்தாலன்றோ கவலை என்றிருப்பது பேதைமை. 2022-ஆம் ஆண்டில் நம் தேசத்தில் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர் பி வகையோடும், 55 லட்சம் பேர் சி வகையோடும் வாழ்ந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களிற் பெரும்பாலார் தம்மிடம் நோய் இருப்பதையே அறியாதவர்கள்.

குப்பை அள்ளுவோர்க்கு இது உண்மையில் நேர்கிறதா என்று ஐயுறுவோர் உளர். கிரேக்க தேசத்துக் கெரத்சினி நகராட்சியில் குப்பை அள்ளும் தொழிலாளரையும், குப்பையைத் தொடாத பிற தொழிலாளரையும் ஒப்பிட்டுச் சோதித்து, 2005-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பி நோயின் அடையாளங்கள் முன்னவரிடத்தில் மிகுதியாகக் காணப்பட்டன. நம் நாட்டில், 2009-ஆம் ஆண்டு தொடக்கத்தில், குஜராத்தைச் சேர்ந்த மொடாசா என்னும் ஊரில் பி வகைக் காமாலை பரவிப் பலர் உயிரிழந்தனர். ஒருமுறை உபயோகித்த ஊசிகளை மீண்டும் உபயோகித்ததே காரணம் என்று கண்டார்கள். விசாரணையில், எறியப்பட்ட ஊசிகள் பொறுக்கப்பட்டுப் பழைய சாமான் கிடங்குகளில் குவிந்திருந்ததும், மறுபடி விற்பனைக்குப் போனதும் வெளிப்பட்டன. நோயாளியைக் காப்பதற்கென்று வந்த ஊசி, குப்பைத் தொட்டி வழியாகச் சுற்றி வந்து ஊரையே கொன்றது. அதனைப் பொறுக்கிய கைகளும் எத்தனை முறை குத்துண்டிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வூசிகள் எங்கிருந்து வருகின்றன? ஆஸ்பத்திரியிலிருந்து என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் வீடுகளில் நீரிழிவு நோயில்லாத வீடு எத்தனை? நாள்தோறும் இன்சுலின் குத்திக்கொள்ளும் பெரியோர், அவ்வூசியை எங்கே போடுகின்றனர்? வாழையிலையோடும் காப்பித்தூளோடும் சேர்த்து ஒரு பையில் கட்டி வாசலில் வைத்துவிடுகின்றனர். விரலிற் குத்தி இரத்தச் சர்க்கரை பார்க்கும் சிறு ஊசியும் அதே பையில் போகிறது. சவரக் கத்தியும், உடைந்த பல்பும், கர்ப்பிணியின் மருந்துக் குப்பியும் அதனுள்ளேயே. நம் வீட்டு மூத்தவரின் தேகத்தைக் காத்த ஊசி, நம் வாசலைக் கடந்தவுடன் மற்றொருவர் தேகத்துக்குப் பகையாகிறது.

சட்டம் இதனைக் கவனியாமலில்லை. 2016-ஆம் ஆண்டில் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் உபயோகித்த ஊசிகளை அபாயக் கழிவாகப் பிரித்து வைக்க வேண்டும் என்றும், குப்பை அள்ளும் தொழிலாளருக்குச் சீருடை, கையுறை, காலணி, மழைச்சட்டை, முகக்கவசம் ஆகியவை அளிக்கப்படவேண்டும் என்றும் வகுத்தன. அதே ஆண்டில் வெளியான மருத்துவக் கழிவு விதிகள், ஆஸ்பத்திரிக் கழிவைக் கையாளும் ஊழியர் அனைவருக்கும் பி காமாலைக்கும் தசைவிறைப்பு ஜன்னிக்கும் தடுப்பூசி போடவேண்டும் என்று பெயர் சொல்லியே கட்டளையிட்டன. ஆஸ்பத்திரி மதிலுக்கு உள்ளே ஊசி பொறுக்குவோர்க்குத் தடுப்பூசி உண்டு. அதே ஊசி மதிலைத் தாண்டி மார்க்கெட் குப்பைக்கு வந்துவிட்டால், அதனைப் பொறுக்குவோர்க்கு மாத்திரம் ஏன் இருத்தலாகாது? நோய் மதிலைப் பார்த்து நிற்பதில்லையே.

தடுப்பூசியைப் பற்றி ஓர் உண்மையைக் கவனியுங்கள். பி காமாலைக்கு முதல் தடுப்பூசி 1981-இல் வந்தது. 1997-இல் ஹைதராபாத்திலேயே நம் தேசத்தார் அதனைத் தயாரிக்கலாயினர். விலையும் வெகுவாகக் குறைந்தது. 2002-ஆம் ஆண்டில் சில இடங்களில் தொடங்கி, 2011-ஆம் ஆண்டில்தான் நாடெங்கும் குழந்தைகளுக்கு அரசாங்கத்தார் இலவசமாகப் போடலாயினர். இதன் பொருள் யாது? இன்று பெரிய மார்க்கெட்டில் வண்டி தள்ளும் வயது வந்தோர் பிறந்த காலத்தில் அவ்வூசி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய பேரக் குழந்தைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. நாள்தோறும் ஊசிக்குவியலில் கைவைக்கும் பாட்டிக்கு இல்லை. மூன்று தவணை, அதாவது முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்று போட்டுக்கொண்டால் ஆரோக்கியமுள்ள இளவயதினரில் 100-க்கு 95 பேர் வரை காப்பாற்றப்படுவர். நாற்பது வயதுக்குமேல் பலன் சற்றுக் குறையும். ஆகவே தாமதம் கூடாது. பி-யைத் தடுத்தால் டி-யும் தானே தடைப்படும். சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் 12 வாரம் மாத்திரை உட்கொண்டால் 100-க்கு 95 பேருக்கு மேல் பூரண குணமடைகின்றனர். 2018-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி பி, சி இரண்டுக்கும் சோதனையும் சிகிச்சையும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

கீழாநெல்லி இருக்க இத்தனை ஊசி எதற்கு என்று கேட்கும் பெரியோருக்கும் மறுமொழி கூறவேண்டும். கீழாநெல்லியை விஞ்ஞானிகள் அலட்சியம் செய்யவில்லை. சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த தியாகராஜன் முதலியோர், முன்கூறிய பிளம்பர்க்கோடு சேர்ந்து அதனைப் பி நோயாளரிடம் சோதித்து, 1988-இல் லண்டன் லான்செட் பத்திரிகையில் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டனர். பின்னர்ப் பிற இடங்களில் நடந்த சோதனைகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. தானே தணியும் காமாலையில் எதைக் கொடுத்தாலும் குணமானது போல் தோன்றும். அதனை நம்பி, நிலைத்துநிற்கும் நோயைச் சோதியாமல் விடுவது ஆபத்து. சோதனை செய்துகொண்டு வைத்தியரிடம் கேட்டு நடப்பதே அறிவுடைமை.

இனி, நாம் செய்யவேண்டுவன யாவை?

முதலாவது, நம் வீடுகளில். இன்சுலின் ஊசியையும் விரற்குத்தூசியையும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவிற் போட்டு, இறுக மூடி, சிவப்பு மையால் "ஊசி" என்றெழுதித் தனியே கொடுங்கள். உடைந்த கண்ணாடியையும் சவரக் கத்தியையும் கெட்டிக் காகிதத்திற் சுற்றிக் கட்டி, அள்ளுபவர் கையில் சொல்லிக் கொடுங்கள். இதற்குப் பணம் வேண்டா, மனம் வேண்டும்.

இரண்டாவது, நம் கடைகளில். மருந்துக் கடையும் வைத்தியசாலையும் நடத்தும் அங்கத்தினர், தம் கழிவு மார்க்கெட் குப்பையில் ஒருபோதும் சேராதபடி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏனையோர் தம் கடைக் குழாயில் குப்பை அள்ளுவோர் சோப்பிட்டுக் கை கழுவ இடங்கொடுக்க வேண்டும். கை கழுவாமல் வெற்றிலை மெல்லுவதும், பீடி பிடிப்பதும், சோற்றைத் தொடுவதுமே வாய்வழி நோய்க்கு வாசல். கை கழுவ இடம் தராமல், கை கழுவவில்லை என்று பழிப்பது தகுமா?

மூன்றாவது, நமது சங்கம். பெரிய மார்க்கெட்டையும் சுற்றுத் தெருக்களையும் கூட்டும் தொழிலாளர் அனைவருக்கும், நிரந்தர வேலையாயினும் ஒப்பந்தக் கூலியாயினும், இரத்தச் சோதனைக்கும் மூன்று தவணைத் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்யுமாறு நகராட்சியாரையும் சுகாதார இலாகாவையும் இச்சங்கம் எழுத்து மூலம் வேண்டிக்கொள்ள வேண்டும். அது கைகூடும்வரை நம் தர்ம நிதியிலிருந்தே முதல் தவணையைத் தொடங்கலாம். ஒரு தொழிலாளியின் மூன்று தவணைக்கு ஆகும் செலவு, நம் வீட்டுக் கலியாணத்தில் சில இலைகளுக்கு ஆகும் செலவே.

நான்காவது, ஊசி குத்தினால் செய்யவேண்டுவதைத் தொழிலாளர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டும். குத்திய இடத்தைப் பிசையாமல், உறிஞ்சாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பி-க்கான மருந்து 24 மணி நேரத்துக்குள்ளும், எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், 72 மணி நேரத்துக்கு உள்ளாகவும் தொடங்கப்பட வேண்டும். அன்றைக் கூலி பிடிக்கப்படாது என்னும் உறுதி இல்லாவிடில் ஒருவரும் போகமாட்டார். அவ்வுறுதியையும் சேர்த்தே நாம் கேட்கவேண்டும்.

கையுறை கொடுத்தாலும் அவர்கள் போடுவதில்லையே என்று சொல்லுவோர் உண்டு. மெல்லிய ரப்பர் உறையை ஊசியும் மீன்முள்ளும் எளிதிற் கிழிக்கும், சித்திரை வெயிலில் கை வெந்துபோகும், துடைப்பம் வழுக்கும். அளவு பாராமல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உறையைக் கொடுத்துவிட்டு, போடவில்லை என்று குறைகூறுதல் முறையன்று. குத்துத் தாங்கும் கெட்டி உறையும், கைபடாமல் அள்ளும் முறமும் கவ்வுகோலும் கொடுத்துப் பார்த்தபின் பேசுவோம்.

முடிவாக ஓர் எச்சரிக்கை. சோதனையில் ஒருவருக்குப் பி நோய் இருப்பது தெரிந்தால், அதனைக் காரணங்காட்டி வேலையினின்று நீக்குவதும், அவருக்குத் தனித் தம்ளர் வைப்பதும் நேரக்கூடும். தொடுவதாலோ, உடனிருந்து உண்பதாலோ, ஒரே பாத்திரத்தில் நீர் அருந்துவதாலோ பி காமாலை பரவாது. தீண்டாமை என்னும் பழைய நோய் காமாலையின் பெயரால் மறுபடி தலையெடுக்க இடங்கொடுத்தல் ஆகாது. சோதனை முடிவு தொழிலாளிக்கும் வைத்தியருக்கும் மாத்திரமே தெரியவேண்டும். இந்த உறுதி இல்லாத சோதனை உபகாரமாகாது, உபத்திரவமாகவே முடியும்.

அன்பர்களே! மார்க்கெட்டில் ஒரு நாள் குப்பை அள்ளப்படாவிடில் நம் கடைகளைத் திறக்க முடியாது; இரண்டு நாள் அள்ளப்படாவிடில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். நம் ஆரோக்கியம் அவர்கள் கையில் இருக்கிறது. அக்கையை ஊசி குத்தாமற் காப்பது நம் கையில் இருக்கிறது. மேற்சொன்ன வேண்டுகோளை இன்றைய கூட்டத்திலேயே ஒரு தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு அக்கிராசனர் அவர்களையும் உங்கள் அனைவரையும் பணிவுடன் கேட்டுக்கொள்ளுகிறேன்.